லேகிங் சம்பந்தி

மோட்டாரக்காவுக்கு ஆகவே ஆகாத குரல் ஒன்று இந்த உலகத்தில் இருந்தது. தினமும் காலையில் அவள் தன் பொறுப்பில் இருக்கும் பம்ப் ஹவுஸில் நாற்காலியில் உட்கார்ந்து, காப்பியை முதல் வாய் உறிஞ்சும் நேரம் பார்த்து அது ஃபோனில் வரும். வணக்கம் கிடையாது, சௌக்கியமா கிடையாது. எடுத்த எடுப்பிலேயே, "மேடம், லேகிங்!" என்று ஆரம்பிக்கும்.

பேசுகிறவர் சப்ஸ்டேஷன் பொறுப்பாளர். அந்தப் பக்கத்துக்கெல்லாம் மின்சாரம் பிரித்து அனுப்பும் இடத்துக்கு அவர்தான் தலைவர். அவர் முகத்தை அவள் பார்த்ததில்லை, பெயரைக் கேட்டதும் இல்லை. அவளுக்கு அவர் வெறும் 'லேகிங்'. வீட்டில் சாப்பிடும்போது கூட, "இன்னிக்கு லேகிங் என்ன சொன்னான் தெரியுமா?" என்றுதான் ஆரம்பிப்பாள். பேக்கரிக்காரரான அவள் கணவர் மாவு பிசைந்த களைப்பில் "ம்" கொட்டுவார். பல் டாக்டரான மகள், "அம்மா, சாப்பிடும்போது கரண்ட் வேண்டாம்" என்பாள்.

சண்டைக்குக் காரணம் பம்ப் ஹவுஸின் நடுவில் யானைக் குட்டி மாதிரி உட்கார்ந்திருந்த பெரிய சிங்க்ரனஸ் மோட்டார். ஆற்றுத் தண்ணீரை மேட்டுத் தொட்டிகளுக்கு ஏற்றுவது அதன் வேலை. மோட்டார் என்றாலே உள்ளே காந்தம் வேண்டும். சாதாரண மோட்டார்கள் அந்தக் காந்தத்துக்கான கரண்டையும் லைனிலிருந்தே இழுக்கும். அந்தக் கரண்ட் ஒரு வேலையும் செய்யாது. சும்மா வரும், சும்மா போகும், கம்பியில் இடத்தை மட்டும் அடைத்துக்கொள்ளும். வோல்டேஜ் முன்னால் நடக்க, கரண்ட் காலை இழுத்துக்கொண்டு பின்னால் வரும். அதைத்தான் லேகிங் என்பார்கள். இழுத்த கரண்டில் எத்தனை பங்கு உருப்படியாக உழைத்தது என்று காட்டுவது பவர் ஃபேக்டர்.

சிங்க்ரனஸ் மோட்டார் ஜாதி வேறு. ரோட்டார் எனப்படும் அதன் சுழலும் பாகத்தைக் காந்தமாக்கத் தனியாக எக்சைட்டர் ஒன்று கூடவே இருக்கிறது. எக்சைட்டேஷன் என்னும் அந்தக் காந்தக் கரண்டைக் குறைத்துக் கொடுத்தால், பற்றாக்குறைக்கு மோட்டார் லைனிடம் கையேந்தும். அளவாகக் கொடுத்தால் யார் வீட்டு வாசலிலும் நிற்காது. கூடுதலாகக் கொடுத்தாலோ, தன் தேவை போக மிச்சத்தை லைனுக்கே வாரி வழங்கும். அக்கம்பக்கத்தில் தொங்கிக்கொண்டிருக்கும் வோல்டேஜையும் தூக்கி நிறுத்தும். அதற்குச் செய்ய வேண்டியதெல்லாம் பேனலில் இருக்கும் சின்னச் சக்கரத்தைத் திருப்புவதுதான்.

அந்தச் சக்கரத்தில் மோட்டாரக்கா சிவப்பு பெயிண்டால் ஒரு கோடு போட்டிருந்தாள். கோட்டைத் தாண்டி யாரும் திருப்பக் கூடாது. ஃபோனில் லேகிங் ஏற்றச் சொல்லும்போதெல்லாம் இந்த ரெட் மார்க்கைச் சொல்லித்தான் மறுப்பாள்.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில், எக்சைட்டேஷனை ஏற்றி ஓட்டிய ஒரு கோடையில், குளிர்விக்கும் விசிறி பழுதாகி ரோட்டார் சுருள் கருகிப்போனது. அந்த வாசனை பல நாள் அவள் தலைமுடியிலேயே இருந்தது. ஊர் குடம் தூக்கிக்கொண்டு லாரி பின்னால் ஓடியது. பிறகு சுருளையும் மாற்றினார்கள், விசிறியையும் மாற்றினார்கள். அவள் மனசை மாற்ற மட்டும் ஆளில்லை. சூடு கண்ட பூனை ஆறின பாலையும் தொடாது என்பார்களே, அந்தக் கதைதான்.

"மேடம், உங்க மோட்டாரு கொடுக்கப் பிறந்தது. அதப் போயி பிச்ச எடுக்க வெச்சிருக்கீங்க!"

"சார், எரிஞ்சா நீங்களா வந்து சுருள் சுத்தித் தருவீங்க?"

"இப்படிக் கம்மியா வெச்சா ஒரு நாள் லைனோட பிடி விட்டுத் தாறுமாறா சுத்தும், பாத்துக்கிட்டே இருங்க."

"வாயக் கழுவுங்க சார்!"

டொக்கென்று ஃபோனை வைப்பாள். காப்பி ஆறியிருக்கும்.

இப்படி இருக்கும்போதுதான் மகள் ஒரு நாள் நீச்சல் மாஸ்டர் ஒருவனைப் பற்றி வீட்டில் வாயைத் திறந்தாள். கடைவாய்ப் பல் வலி என்று வந்தவனாம். பல்லைப் பிடுங்கிய பிறகும் வந்துகொண்டே இருந்தானாம். பையன் நல்லவன், குடும்பமும் நல்ல குடும்பம். அம்மா கணக்கு டீச்சர், அப்பா மின்சாரத் துறையில் ஏதோ வேலை. பெரியவர்கள் ஒரு முறை பார்த்துப் பேசிவிட்டால் போதும் என்றாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை அவர்கள் வந்தார்கள். பேக்கரிக்காரர் தன் கைவரிசை முழுவதையும் மேஜையில் பரப்பியிருந்தார். பையன் உயரமாக, ஈரத் தலையோடு வந்தான். நீச்சல்காரர்களுக்குத் தலை காய்வதே இல்லை போலிருக்கிறது. அவன் அம்மா கணக்கு டீச்சர் வந்ததும் வராததுமாக மோட்டாரக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். அப்பா குட்டையாக, வழுக்கையாக, இஸ்திரி மடிப்பு கலையாத சட்டையில் சாதுவாகச் சிரித்தபடி உட்கார்ந்தார். பார்த்தால் ஈ எறும்புக்குக் கூடத் துரோகம் நினைக்காத முகம்.

பேச்சு நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று விளக்கு லேசாக மங்கி, மறுபடி பளிச்சென்றானது.

அந்தச் சாது மனிதர் அண்ணாந்து பார்த்து, பழக்க தோஷத்தில் வாய்க்குள்ளேயே முணுமுணுத்தார். "லேகிங்."

மோட்டாரக்கா கையிலிருந்த பிஸ்கட் தட்டு மேஜையில் தொப்பென்று விழுந்தது.

"நீங்களா!"

அவர் திரும்பினார். அந்த ஒற்றைச் சொல்லின் சுருதி அவருக்குப் போதுமானதாக இருந்தது. "ரெட் மார்க்!" என்றார், பேயைக் கண்டவர் போல.

"என்னது? ரெட் மார்க்கா? எனக்குப் பட்டப்பேரு வேறயா?"

"மேடம், நீங்க எனக்கு ஒண்ணும் வெக்கலையாக்கும்?"

"இத்தன வருஷமா ராத்திரி சாப்பாட்டப்ப இவரு திட்டித் தீத்தது உங்களத்தானா?" என்று கேட்ட கணக்கு டீச்சருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்தியும் அடங்கவில்லை.

அதற்குள் லேகிங் பேனாவை எடுத்துவிட்டார். கேக் வந்த அட்டைப்பெட்டி மூடியின் மேல் பெரிதாக, ஆங்கில 'வி' எழுத்து மாதிரி ஒரு வளைகோடு வரைந்தார். "இதப் பாருங்க. இந்தப் பக்கம் எக்சைட்டேஷன் கம்மி, மோட்டாரு இழுக்கிற கரண்டு ஜாஸ்தி. ஏத்த ஏத்தக் கரண்டு இறங்குது, இறங்குது, இந்த அடிப்பள்ளத்துக்கு வருது. இங்க பவர் ஃபேக்டரு ஒண்ணு. சுத்தத் தங்கம். அதுக்கு மேல ஏத்தினா கரண்டு திரும்ப ஏறும், ஆனா இந்தத் தடவ லீடிங். லைனுக்குக் கொடுக்குது. நீங்க எங்க நிக்கிறீங்க தெரியுமா? இங்க! மலையோட தப்பான பக்கத்துல, உச்சியில!"

"எனக்கு 'வி' கர்வ் சொல்லித் தர வேணாம் சார். நானும் படிச்சிட்டுத்தான் வந்தேன். அந்த வலது பக்க மலையில ரோட்டாரு சூடு எவ்வளவுன்னு உங்க படத்துல இருக்கா?"

"மோட்டாரோட நேம் பிளேட்டுலயே அளவு போட்டிருக்கு! லீடிங்குல ஓட்டறதுக்குன்னே செஞ்ச மோட்டாரு அது!"

"அப்பா, பேனாவக் கீழ வைங்க" என்றான் நீச்சல் மாஸ்டர்.

"அம்மா, நாங்க ரெண்டு பேரும் இங்கதான் இருக்கோம்" என்றாள் மகள்.

பேக்கரிக்காரர் மட்டும் அட்டைப்பெட்டியைக் கவலையோடு பார்த்தார். "மூடிய வீணாக்கிட்டீங்களே" என்றார்.

கல்யாணம் என்னவோ நிச்சயமாகிவிட்டது. பிள்ளைகள் இரண்டு பேரும் இவர்களைக் கேட்டா காதலித்தார்கள்? ஆனால் மறுநாளே மோட்டாரக்கா பம்ப் ஹவுஸில் ஒரு கட்டளை போட்டாள். ஷிஃப்ட் ஆபரேட்டர் ஒருவர் இருந்தார். சொன்ன சொல்லை எழுத்துப் பிசகாமல் நிறைவேற்றுபவர் என்பதால் எல்லோரும் அவரைக் 'கறார்' என்றுதான் கூப்பிடுவார்கள். அவரைக் கூப்பிட்டு நிறுத்தி, "இனிமே அந்தாளு சம்பந்திங்கற உரிமையில கேப்பாரு. யாரு ஃபோன் பண்ணி ஏத்தச் சொன்னாலும் ஏத்தாதீங்க. என் குரல் மாதிரியே இருந்தாலும் ஏத்தாதீங்க. நான் நேர்ல வந்து நின்னு சொன்னாத்தான்" என்றாள்.

"சரிங்கக்கா" என்றார் கறார். அவர் சரி என்றால் கல்வெட்டு.

கல்யாண நாள் வந்தது. ஆற்றங்கரைச் சாலையில் ஒரு மண்டபம். நல்ல வெயில் காலம். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் பதிவாளர் வந்து கையெழுத்து வாங்குவார், பிறகு கேக் வெட்டி எல்லோருக்கும் கொடுப்பது என்று ஏற்பாடு. அந்தக் கேக்குக்காகப் பேக்கரிக்காரர் மூன்று நாளாகத் தூங்கவில்லை. ஐந்து அடுக்கு. வெள்ளை கிரீம் அலைகள், உச்சியில் சர்க்கரையில் செய்த ஒரு நீச்சல்காரன், அவன் பக்கத்தில் சர்க்கரைப் பல் டாக்டர். கண்ணாடிக் குளிர்பெட்டிக்குள் அது மகாராணி மாதிரி நின்றது.

மோட்டாரக்கா அன்றைக்கு ஒரு வைராக்கியத்தோடு வந்திருந்தாள். மயில் கழுத்து நிறப் பட்டுப் புடவை, தலை நிறையப் பூ. 'இன்னிக்கு மோட்டாரப் பத்தி ஒரு வார்த்த பேச மாட்டேன்' என்று மகளின் தலையிலடித்துச் சத்தியம் செய்திருந்தாள். லேகிங்கும் தன் மனைவியிடம் அதே சத்தியத்தைச் செய்திருந்தார். இருவரும் எதிரெதிரே நின்று, பல்லைக் கடித்துக்கொண்டு, வருகிறவர்களைப் பார்த்துச் சிரித்தார்கள்.

சாப்பாடு முடிகிற சமயம் மண்டபத்து மின்விசிறிகள் சோம்பல் முறித்தன. சுற்றின, ஆனால் இறக்கைகளை ஒவ்வொன்றாக எண்ணலாம் போலச் சுற்றின. விளக்குகள் மஞ்சளாகி, பிறகு ஆரஞ்சாகின. மைக் செத்தது. குளிர்பெட்டி ஒரு முறை உறுமியது, ஒரு முறை இருமியது, பிறகு பேசாமல் நின்றுவிட்டது.

லேகிங்கின் ஃபோன் அடித்தது. சப்ஸ்டேஷன் ட்யூட்டி ஆள். வோல்டேஜைத் தாங்கிப் பிடிக்கும் கெப்பாசிட்டர் பேங்கின் ஃபியூஸ் போய்விட்டதாம். ஊர் முழுக்க ஏ.சி. ஓடுகிறதாம்; டிரான்ஸ்ஃபார்மரில் கடைசிப் படி வரை ஏற்றியும் வோல்டேஜ் நிற்கவில்லையாம். மாற்று ஃபியூஸ் வந்து சேரப் பொழுது சாய்ந்துவிடும்.

அவர் ஃபோனைப் பையில் போட்டுக்கொண்டு மோட்டாரக்காவைப் பார்த்தார். வாயைத் திறந்தார். மனைவி முறைத்ததும் மூடிக்கொண்டார்.

மோட்டாரக்கா மேலே விசிறியைப் பார்த்தாள். இந்த மண்டபமும் பம்ப் ஹவுஸும் ஒரே லைன் என்பது அவளுக்குத் தெரியாதா என்ன? மோட்டார் இந்த நிமிஷமும் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதும், அவள் கோட்டுக்குக் கட்டுப்பட்டு லைனிடமிருந்து இழுத்துக்கொண்டிருக்கிறது என்பதும் தெரியும். வியர்வை முதுகில் ஓடியது.

"மூணாவது அடுக்கு சாயுது!" என்று ஒரு அலறல். பேக்கரிக்காரர் குளிர்பெட்டிக்குள் இரண்டு கையையும் விட்டுக் கேக்கைத் தாங்கிக்கொண்டு நின்றார். பதிவாளர் கைக்குட்டையைப் பிழிந்துகொண்டிருந்தார். மாப்பிள்ளையின் தலை மட்டும்தான் வழக்கம்போல ஈரமாக இருந்தது. மற்றவர்களுக்கெல்லாம் புது ஈரம்.

மகள் எழுந்து நேராக வந்தாள். கண்மை கன்னத்துக்கு இறங்கியிருந்தது.

"அம்மா. உண்மையச் சொல்லு. உன் மோட்டாரால இதச் சரி பண்ண முடியுமா?"

"நான் பேச மாட்டேன்னு சத்தியம்..."

"சத்தியம் வாபஸ். முடியுமா முடியாதா?"

"முழுசா முடியாது. கொஞ்சம் தூக்கிக் கொடுக்கலாம். தொட்டியெல்லாம் நிறைஞ்சிருக்கும், தண்ணிய மட்டுப்படுத்திட்டு எக்சைட்டேஷன ஏத்தினா..."

"அப்ப போம்மா! போயி அந்தச் சனியன ஏத்து! நீ வர்ற வரைக்கும் நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

மோட்டாரக்கா பம்ப் ஹவுஸுக்கு ஃபோன் போட்டாள். கறார் எடுத்தார்.

"கறார், நான்தான். எக்சைட்டேஷன ஏத்துங்க. கோட்டத் தாண்டி."

"யாரு பேசறது?"

"நான்தான்யா, அக்கா!"

"குரல் அப்படியேதான் இருக்கு. ஆனா அக்கா சொல்லியிருக்காங்க, அவங்க குரல் மாதிரியே இருந்தாலும் ஏத்தாதேன்னு. கல்யாண வீட்ல இருக்கறவங்க பேர்ல இப்படிப் பேசறீங்களே, வெக்கமா இல்ல?" ஃபோன் வைக்கப்பட்டது.

மோட்டாரக்கா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, "சம்பந்தி, ஸ்கூட்டர்ல உக்காருவீங்களா?" என்றாள்.

"எனக்கு ரெண்டு சக்கரம்னா பயம்."

"எனக்கு எக்சைட்டேஷன்னா பயம். வாங்க!"

ஆற்றங்கரைச் சாலையில் அன்றைக்கு அந்த ஸ்கூட்டரைப் பார்த்தவர்கள் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள். முன்னால் பட்டுப் புடவையில் ஒரு அம்மாள், தலைப்பூ காற்றில் உதிர்ந்துகொண்டே வர, பின்னால் கோட்டும் சூட்டும் போட்ட ஒரு வழுக்கைத் தலை, இரண்டு கையாலும் சீட்டைக் கட்டிப் பிடித்து, கண்ணை இறுக மூடி, "மெதுவா சம்பந்தி! வளைவு சம்பந்தி! லாரி சம்பந்தி!" என்று கூவிக்கொண்டு போனது.

"கண்ண மூடிட்டு லாரி எப்படித் தெரியுது?"

"சத்தத்த வெச்சுச் சொல்றேன்!"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வண்டி ஓட்டும்போது சிரிக்கக் கூடாதுதான். ஆனால் அடிவயிற்றிலிருந்து வந்த சிரிப்புக்கு பிரேக் ஏது? மேட்டில் ஏறும்போது அவரும் சேர்ந்து சிரிக்க ஆரம்பித்தார். பம்ப் ஹவுஸ் வாசலில் இறங்கியபோது இருவருக்கும் மூச்சு முட்டியது.

கறார் கதவை மறித்துக்கொண்டு நின்றார்.

"அக்கா வாங்க. இவரு யாரு? வெளி ஆளு உள்ள வரக்கூடாது."

"இவரு என் சம்பந்தி. சப்ஸ்டேஷன் சார். நேர்ல வந்திட்டேன் பாத்தீங்கல்ல? இப்ப ஏத்தலாமா?"

கறார் அவளை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க கோவமா வந்தாக் கூட நம்பிடுவேன்க்கா. இப்படிச் சிரிச்சிட்டு வர்றீங்களே, அதுதான் பயமா இருக்கு."

"கறார்! கேக்கு சாயுதுய்யா!"

என்ன கேக், ஏன் சாய்கிறது என்றெல்லாம் அவருக்குப் புரியவில்லை. ஆனால் அக்கா நேரில் நின்று சொல்லியாயிற்று; விதிக்குப் பங்கமில்லை. விலகி வழிவிட்டார்.

உள்ளே மோட்டார் சீரான ஒரு முழக்கத்தோடு ஓடிக்கொண்டிருந்தது. மோட்டாரக்கா முதலில் தொட்டி அளவைப் பார்த்தாள். விளிம்பு தட்டி நின்றது. கறாரை அனுப்பி வால்வைப் பாதி மூடச் சொன்னாள். தண்ணீர்ச் சுமை குறைந்தது. சுமை குறைந்தால் மோட்டாருக்கு லைனுக்குக் கொடுக்க இன்னும் கொஞ்சம் தெம்பு மிஞ்சும். விசிறி ஓடுகிறதா என்று கையைக் காட்டிப் பார்த்தாள். காற்று பலமாக வந்தது. பிறகு பேனல் முன்னால் போய் நின்று சக்கரத்தைத் தொட்டாள்.

மூக்கு தன்னால் அந்தப் பழைய கருகல் வாசனையைத் தேடியது. இல்லை. தலையில் மிச்சமிருந்த பூ வாசனைதான்.

"சம்பந்தி, நீங்க எக்சைட்டேஷன் கரண்டச் சொல்லுங்க. நேம் பிளேட் அளவு பக்கத்துல வந்தா கத்துங்க."

"சரி."

திருப்பினாள். கோடு வரை வந்தது. கண்ணை மூடித் தாண்டினாள். ஒன்றும் ஆகவில்லை. மோட்டார் அதே முழக்கத்தோடு, அதே வேகத்தில், எதுவும் நடக்காத மாதிரி ஓடியது. சிங்க்ரனஸ் மோட்டாரின் குணம் அது. எக்சைட்டேஷனை எவ்வளவு ஏற்றினாலும் அதன் நடை மாறாது.

மாறியது முட்கள்தான். பவர் ஃபேக்டர் மீட்டரின் முள் லேகிங் பக்கத்திலிருந்து கிளம்பி நடுவை நோக்கி நகர்ந்தது. மோட்டார் இழுக்கும் கரண்டின் முள் இறங்கியது. இன்னும் திருப்பினாள், இன்னும் இறங்கியது. அட்டைப்பெட்டி மூடியில் பேனாவால் வரைந்த பள்ளத்தில் அந்த முள் சறுக்கிக்கொண்டு போவதை அவள் கண்ணாலேயே பார்த்தாள். படிப்பில் பார்த்ததுதான், பரீட்சையில் எழுதியதுதான். ஆனால் தன் சொந்த மோட்டாரில், தன் கையால்! புதுச் செருப்பு போட்ட குழந்தை மாதிரி நின்ற இடத்திலேயே ஒரு குதி குதித்தாள்.

"ஒண்ணு!" என்று கத்தினார் லேகிங். "சம்பந்தி, யூனிட்டி! சுத்தத் தங்கம்!"

"நிறுத்தவா?"

"எதுக்கு நிறுத்தணும்? தாண்டுங்க!"

முள் நடுவைத் தாண்டி லீடிங் பக்கம் கால் வைத்தது. கரண்ட் முள் பள்ளத்திலிருந்து திரும்ப ஏற ஆரம்பித்தது. வோல்டேஜ் முள் உறக்கம் கலைந்தது போல லேசாக அசைந்து, மெல்ல மெல்ல மேலே வந்தது. பேனலுக்கு மேலிருந்த பல்பு ஆரஞ்சிலிருந்து மஞ்சளுக்கும், மஞ்சளிலிருந்து வெள்ளைக்கும் போனது.

அவள் ஃபோனை எடுத்துக் கணவருக்குப் போட்டாள். "என்னங்க, ஃபேன் எப்படி?"

"இரு, என் ரெண்டு கையும் கேக்குக்குள்ள இருக்கு, யாரோ ஃபோன என் காதுல வெச்சிருக்காங்க. ஃபேனா? ஆமா... ஆமா, இறக்க கண்ணுக்குத் தெரியல! வேகமா சுத்துது!"

"குளிர்பெட்டி?"

"உறுமுது! அய்யோ, உறுமுதுடி! என் தங்கமே!" கடைசி வார்த்தை அவளுக்கா, கேக்குக்கா, குளிர்பெட்டிக்கா என்று தெரியவில்லை.

அவள் இன்னும் கொஞ்சம் திருப்பினாள். இத்தனை வருஷமாக 'ஏத்துங்க ஏத்துங்க' என்று கத்திய மனிதருக்கு இப்போது முகம் வெளுத்தது.

"போதும் சம்பந்தி."

"நேம் பிளேட்டுக்கு இன்னும் இடம் இருக்கா இல்லையா?"

"இருக்கு... இருந்தாலும் போதுமே! என்னத்துக்கு வம்பு?"

"நீங்களா பேசறது? கொடுக்கப் பிறந்த மோட்டாருன்னு சொன்னது யாரு?"

"நான் ஃபோன்ல இருந்து சொன்னேன்! பக்கத்துல நின்னு பாத்தா பயமா இருக்கு!"

மோட்டாரக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். கறார் கூட, வால்வுப் பக்கம் திரும்பி நின்று, தோள் குலுங்கச் சிரித்தார். விதியில் அதற்குத் தடை எதுவும் இல்லை.

இதற்கிடையில் மண்டபத்தில் வேறொரு கூத்து நடந்துகொண்டிருந்தது. மைக் செத்துப்போன நேரத்தில் விருந்தாளிகளை அமைதிப்படுத்தக் கணக்கு டீச்சர்தான் மேடை ஏறியிருந்தார். வகுப்பறைப் பழக்கத்தில், செத்த மைக்கையே கையில் பிடித்துக்கொண்டு நின்றார். முன்வரிசையில் இருந்த ஒரு அத்தை, "மாப்பிள்ளையோட அப்பா எங்க?" என்று கேட்டாள். டீச்சர் குனிந்து ரகசியமாகப் பதில் சொன்னார். சரியாக அந்த நேரம் பார்த்து மைக்குக்கு உயிர் வந்தது.

"பொண்ணோட அம்மாவக் கூட்டிக்கிட்டு ஸ்கூட்டர்ல ஓடிப்போயிட்டாரு!" என்று மண்டபம் முழுக்க, வாசல் வரைக்கும், சமையற்கட்டு வரைக்கும் கணீரென்று ஒலித்தது.

அந்தக் குரலும் அதைத் தொடர்ந்து எழுந்த சிரிப்பும் பேக்கரிக்காரரின் காதோரம் இருந்த ஃபோன் வழியாகப் பம்ப் ஹவுஸுக்குள்ளும் வந்து சேர்ந்தன. லேகிங் திகைத்துப்போய், "என்னவாம்?" என்றார். மோட்டாரக்கா சிரிப்பு தாங்காமல் பேனலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ரோட்டார் சூட்டைக் காட்டும் மீட்டரை அவர்கள் இருந்து பார்த்தார்கள். ஏறியது, ஒரு இடத்தில் வந்து நின்றது. அதற்கு மேல் அசையவில்லை. மறுபடி பார்த்தாள், மூக்கால் முகர்ந்தாள். வெறும் எண்ணெய் வாசனை. பிறகுதான் நிம்மதியாக எழுந்தாள்.

"கறார், இது இப்படியே ஓடட்டும். சூடு இந்த அளவத் தாண்டினா உடனே இறக்குங்க. யாரையும் கேக்க வேணாம்."

"ஃபோன்ல நீங்களே ஏத்தச் சொன்னா?"

"ஃபோன்ல நான் இனி கேக்கு ருசியப் பத்தி மட்டும்தான் பேசுவேன்."

திரும்பும் வழியில் ஆற்றங்கரைக் கடைகளில் விளக்குகள் பளிச்சென்று இருந்தன. முடிவெட்டும் கடையில் விசிறி சுற்றியது. லேகிங் இந்தத் தடவை கண்ணைத் திறந்துகொண்டே வந்தார். கண்ணில் பட்ட ஒவ்வொரு பல்பையும் காட்டி, "அது நம்மளுது சம்பந்தி! அதுவும் நம்மளுது!" என்று குழந்தை மாதிரி கூவினார். அவள் ஹாரனை அடித்துப் பதில் சொன்னாள்.

அவர்கள் மண்டபத்துக்குள் நுழைந்தபோது, ஓடிப்போய்த் திரும்பி வந்த ஜோடிக்குக் கிடைக்கும் வரவேற்பு கிடைத்தது. சீட்டி, கைதட்டல், யாரோ பூவை வாரி எறிந்தார்கள். அவளுடைய பட்டுப் புடவையில் கிரீஸ் கறை. அவர் கோட்டில் ஒரு பித்தானைக் காணோம். கணக்கு டீச்சர் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, இந்த முறை வேண்டுமென்றே மைக்கில், "எவ்வளவு தூரம் போயிட்டு வந்தீங்க?" என்று கேட்டார்.

"லீடிங் வரைக்கும்!" என்றார் லேகிங், நெஞ்சை நிமிர்த்தி.

யாருக்கும் அர்த்தம் புரியவில்லை. ஆனாலும் எல்லோரும் சிரித்தார்கள்.

மகள் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். அம்மாவைப் பார்த்ததும் கோபப்படத்தான் நினைத்தாள்; உதடு ஒத்துழைக்கவில்லை. கலைந்த கண்மையோடு, "உன் மூஞ்சியில கிரீஸு" என்றாள்.

"உன் மூஞ்சியில மை" என்றாள் அம்மா.

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் துடைத்தார்கள். இரண்டும் இன்னும் மோசமானது. அந்த முகத்தோடேயே மகள் கையெழுத்துப் போட்டாள். நீச்சல் மாஸ்டர் போட்டான். அவன் தலையிலிருந்து ஒரு சொட்டு காகிதத்தில் விழ, பதிவாளர் ஊதி ஊதிக் காயவைத்தார்.

கேக்கின் மூன்றாவது அடுக்கை மீட்க முடியவில்லை. அது இரண்டாவதின் மேல் பாதி வழிந்து, சாய்ந்த கோபுரம் மாதிரி உறைந்து நின்றது. பேக்கரிக்காரரின் சட்டையில் முழங்கை வரை கிரீம். சர்க்கரை நீச்சல்காரன் கிரீமுக்குள் கழுத்து வரை முங்கியிருந்தான். பல் டாக்டர் மட்டும் கரையில் நின்றாள். அப்படியே இருக்கட்டும், இதுதான் பொருத்தம் என்று மாப்பிள்ளை சொல்லிவிட்டான். வெட்டிக் கொடுக்க முடியாததால் கரண்டியால் அள்ளி அள்ளிக் கிண்ணத்தில் போட்டார்கள். ருசியில் ஒரு குறையும் இல்லை.

மோட்டாரக்கா மேடை ஓரத்தில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உட்கார்ந்தாள். அவள் பக்கத்தில் கணவர் வந்து உட்கார்ந்து, ஒரு கிண்ணத்தையும் ஒரே ஒரு கரண்டியையும் நீட்டினார். அவள் வாயில் போட்டுக்கொண்டாள். எதிரே அவள் சம்பந்தி சமையற்காரர் ஒருவரைப் பிடித்து வைத்துக்கொண்டு, மேஜை விரிப்பில் விரலால் ஏதோ பெரிதாக வரைந்து விளக்கிக்கொண்டிருந்தார். பாவம், அந்த மனிதர் கையில் கரண்டியோடு தலையாட்டிக்கொண்டே இருந்தார்.

"என்ன ஆச்சு உனக்கு? வந்ததுலேருந்து சிரிச்சிக்கிட்டே இருக்க" என்றார் பேக்கரிக்காரர்.

"தெரியலீங்க" என்றாள் அவள். "நிக்க மாட்டேங்குது."

சொல்லிவிட்டு மறுபடியும் சிரித்தாள். கரண்டியிலிருந்த கிரீம் அவர் மூக்கில் பட்டது.